எழுபத்தைந்து கிழக்கு

சிவசங்கரன் சாரின் மேசைமேல் ஒரு பித்தளை டபராவும் அதற்குள் ஒரு கோலிக்குண்டும் எப்போதும் இருக்கும். காபி வந்தால் கோலியை எடுத்து வெளியே வைப்பார். குடித்து முடித்ததும் டபராவைக் கைக்குட்டையால் துடைத்துக் கோலியைத் திரும்ப உள்ளே போடுவார். ஆராய்ச்சிக்குப் புதிதாக வந்து சேருகிற பிள்ளைகள் முன்னால் அதை லேசாக ஆட்டிக் காட்டுவார். கோலி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஏறி இறங்கி, கடைசியில் அடியில் வந்து அடங்கும். "பாத்தியா, இதுதான் எழுபத்தஞ்சு டிகிரி கிழக்கு. நமக்குன்னே தோண்டி வெச்ச பள்ளம்" என்பார். அவரிடம் ஆராய்ச்சி செய்தவர்களில் இந்த டபரா வித்தையைப் பார்க்காதவர் ஒருவரும் கிடையாது.

வித்தையில் பொய் இல்லை. பூமி சுழலும் அதே கதியில் கூடவே சுற்றுகிற செயற்கைக்கோள், கீழே இருந்து பார்க்கிறவனுக்கு நகராமல் ஒரே இடத்தில் நிற்கும். வீட்டில் டிவி தெரிவதும் டெலிபோன் பேசுவதும் அப்படி நிற்கிறவற்றின் தயவு. ஆனால் பூமி நாம் படத்தில் வரைகிற மாதிரி சுத்தமான உருண்டை இல்லை, இடுப்பில் கொஞ்சம் கோணல். அந்தக் கோணலின் இழுப்பால் மேலே நிற்பது மெல்ல மெல்ல நழுவும். நழுவாத இடம் என்று பார்த்தால் இரண்டு பள்ளங்கள்தான். அதில் ஒன்று எழுபத்தைந்து கிழக்குத் தீர்க்கரேகை, நம் ஊருக்கு நேர் தெற்கே. சிவசங்கரன் சார் அரசாங்க வேலையில் இருந்த காலம் முழுக்க அந்தப் பள்ளத்தை ஒட்டியே செயற்கைக்கோள்களை நிறுத்திப் பார்த்தவர். ஓய்வு பெற்றுப் பெங்களூரில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்த பிறகும் எழுபத்தைந்து என்று சொல்லும்போது அவர் முகத்தில் சொந்த ஊர்ப் பேரைச் சொல்கிற களை வந்துவிடும்.

ரூபினிக்கு அவர் கொடுத்த பொருள் செவ்வாய். நாளைக்கு மனிதன் செவ்வாயில் போய் இறங்கினால், அவன் பேச்சை இங்கே அனுப்ப அந்தக் கிரகத்தின் தலைக்கு மேலும் ஒன்று நகராமல் நிற்க வேண்டுமே, அது எங்கே நிற்கும், எத்தனை நாள் நிற்கும் என்று கண்டு சொல்ல வேண்டும். மர்பி டவுன் சேரியில் ஓட்டு வீட்டில் பிறந்து, கார்ப்பரேஷன் பள்ளியில் படித்து வந்த பெண்ணுக்கு இதைக் கொடுத்தாரே என்று ரூபினி அவரைக் கும்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். கையால் மட்டும் கும்பிட்டாள் என்று சொல்ல வேண்டும். ஆயுத பூஜை அன்று மற்ற மாணவர்கள் வரிசையாக வந்து சார் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்போது, அவள் மட்டும் நின்றபடி கைகூப்பிவிட்டு நகர்ந்துவிடுவாள். சார் அதைக் கவனிப்பார், சிரிப்பார்.

அது அவள் அப்பா அப்பாதுரையின் கட்டளை. அப்பாதுரை ராணுவ அதிகாரிகளின் மெஸ்ஸில் பாத்திரம் கழுவச் சேர்ந்து, பரிமாறுகிறவராக ஓய்வு பெற்றவர். பௌத்த சங்கத்துக்காரர். பெண்டாட்டி லட்சுமம்மா கோயிலுக்குப் போனால் தடுக்கமாட்டார், ஆனால் வீட்டில் ஒருத்தர் காலில் ஒருத்தர் விழுகிற பேச்சே கூடாது. "சல்யூட் அடிக்கலாம், தப்பில்ல. அது நின்னுக்கினு அடிக்கறது. குனியறது வேற" என்பார். பெரிய பெரிய கர்னல்களுக்குச் சோறு போட்டவர், ஒருவர் முன்னாலும் முதுகை வளைத்ததில்லை என்பதில் அந்த மனிதருக்கு அப்படி ஒரு கர்வம். சொத்து என்று அவர் சேர்த்ததும் அது ஒன்றுதான்.

ரூபினி ஆராய்ச்சியோடு கூட ஆனேக்கல் போகிற வழியில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராகவும் இருந்தாள். அடுத்த ஜூனுக்குள் டாக்டர் பட்டம் வந்தால் வேலை நிரந்தரம், வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று முதல்வர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். முப்பது வயதைத் தாண்டியவளுக்கு அதைவிட்டால் வேறு வழி என்ன இருக்கிறது? பட்டம் வந்தாக வேண்டும். அவளுக்கு அப்போது உலகத்தில் இருந்தது அந்த ஒரே கவலை.

தொண்ணூற்றேழாம் வருஷம் மழைக்காலத்தில் நாலாவது அத்தியாயத்தின் கணக்கு முடிந்தது. முடிவைப் பார்த்து ரூபினிக்கே முதலில் நம்பிக்கை வரவில்லை. செவ்வாய் நம் பூமியைவிடப் பலமடங்கு கோணல். ஒரு பக்கம் எரிமலைகளைச் சுமந்துகொண்டு ஒரு பெரிய மேட்டுநிலம் புடைத்து நிற்கிறது, அதற்கு நேர் எதிர்ப்பக்கமும் புடைப்பு. அந்த எதிர்ப்பக்கம் போய் விழுந்திருப்பது சொல்லிவைத்தாற்போல எழுபத்தைந்து கிழக்கில். புடைத்த பக்கத்துக்கு மேலே செயற்கைக்கோள் நிற்காது. பூமியில் எந்த எண்ணில் பள்ளமோ, செவ்வாயில் சரியாக அதே எண்ணில் மேடு. அங்கே கொண்டுபோய் ஒரு கோளை நிறுத்தினால் சில மாதத்தில் அது தன்பாட்டுக்கு உருண்டு எங்கோ போய்விடும். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள், அதே விடைதான் வந்தது. சந்தோஷமாக அச்செடுத்துக்கொண்டு சார் அறைக்குப் போனாள்.

அவர் அப்போதுதான் காபி குடித்து முடித்திருந்தார். தாளைப் புரட்டிக்கொண்டே வந்தவர் படம் இருந்த பக்கத்தில் நின்றார்.

"எழுபத்தஞ்சுல மேடுன்னு போட்டிருக்க."

"ஆமா சார். செவ்வாயில அப்படித்தான் வருது."

"சைன் தப்பு. எங்கேயோ பிளஸ்ஸுக்கு மைனஸ் போட்டிருக்க. போய்ப் பாரு."

"பாத்துட்டேன் சார். புடைப்பு எந்தப் பக்கம் இருக்குதோ..." என்று ஆரம்பித்தவள், வாயால் சொல்வதைவிடக் காட்டிவிடலாம் என்று நினைத்தாள். அங்கேதான் பிசகியது. மேசைமேல் இருந்த டபராவை எடுத்து அவருடைய தாள்மேலேயே குப்புறக் கவிழ்த்தாள். கோலியை அதன் முதுகில் வைத்தாள். கோலி ஒரு கணம் நின்று, உருண்டு, தரையில் விழுந்து அலமாரிக்கு அடியில் ஓடிப்போயிற்று.

"செவ்வாயில இப்படி சார்" என்றாள்.

சிவசங்கரன் சார் கோலி ஓடிய பக்கம் பார்க்கவே இல்லை. டபராவையும், அதைப் பிடித்திருந்த அவள் விரல்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். துடைக்காத டபராவில் மிச்சமிருந்த காபி தாளில் வட்டமாக ஊறியது.

"ஈர்ப்பு விதியைச் செவ்வாய்க்குன்னு தனியா யாராவது எழுதி வெச்சிருக்காங்களாம்மா? நான் இருபது வருஷம் கோளைக் கையில பிடிச்சு ஓட்டினவன். நீ கம்ப்யூட்டர்ல ஒரு படத்தைப் போட்டுட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்கற. சைனைச் சரிபண்ணிட்டு வா. அதுக்கப்புறம் கையெழுத்தைப் பத்திப் பேசலாம்."

அடுத்த வாரம் அவள் போனபோது மேசைமேல் புது எவர்சில்வர் டபரா இருந்தது. கோலி அதே பழைய கோலிதான். பித்தளை டபரா எங்கே போயிற்று என்று ரூபினி கேட்கவில்லை. மர்பி டவுனில் பிறந்தவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வழிகாட்டியின் கையெழுத்து இல்லாமல் ஆய்வேடு அந்தக் கட்டடத்தைத் தாண்டாது. ரூபினி துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னாள். அவர் கன்னடக்காரர், நல்ல மனிதர், யாரையும் பகைத்துக்கொள்ளாமல் ஓய்வு பெற வேண்டும் என்பது ஒன்றே அவர் லட்சியம். அவர் சங்கடமாக நெளிந்து, "சொல்ப அட்ஜஸ்ட் மாட்கோம்மா, கொஞ்சம் அனுசரிச்சுப் போ. அவரு சீனியர்" என்று சொல்லிவிட்டுக் கோப்புக்குள் தலையை விட்டுக்கொண்டார். சாரிடமே மறுபடி மூன்று நான்கு தடவை போனாள். செவ்வாயின் அளவுகளை எடுத்துவைத்தாள். அவர் அதைத் தொடவே இல்லை. எழுபத்தைந்து என்ற எண்ணைக் கண்டதுமே அவருக்கு மற்றதெல்லாம் மறைந்துபோயிற்று. கையெழுத்துக்குக் காத்திருந்து காத்திருந்து தீபாவளியும் போயிற்று.

கூடப் படித்த பரத்திடம் ஒருநாள் கேண்டீனில் புலம்பினாள். பரத் ஈரோட்டுப் பையன், ஆராய்ச்சியை விட்டுவிட்டு சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போகத் தயாராக இருந்தவன்.

"ஒரு மைனஸ் தானே ரூபினி? போட்டுக் குடுத்துட்டுப் போ. இப்ப எவன் செவ்வாய்க்குப் போய்ப் பாக்கப் போறான்?"

"தப்புன்னு தெரிஞ்சே போடச் சொல்றியா?"

"நீயா போடற? அவர் போடச் சொல்றார். பட்டத்தை வாங்கிட்டு அப்புறம் சரியான கணக்கை ஊருக்கே சொல்லு. யார் கேக்கப் போறாங்க?"

இங்கே அவளைப் பிடித்து நாலு வார்த்தை திட்ட வேண்டும் போலத்தான் இருக்கும். திட்டுகிறவர்கள் ஜூன் மாதத்தை எண்ணிக்கொண்டு தினமும் ஆனேக்கல் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து திட்டட்டும். அவள் போய்க் குறியை மாற்றினாள். ஒரே ஒரு குறி. அதை மாற்றியதும் அந்த அத்தியாயத்தின் படங்கள் அத்தனையும் தலைகீழாகத் திரும்பிக்கொண்டன, மேடெல்லாம் பள்ளம், பள்ளமெல்லாம் மேடு. செவ்வாயில் எழுபத்தைந்து கிழக்கில் நிறுத்தினால் காலாகாலத்துக்கும் நகராது என்று தன் கையாலேயே தட்டச்சு செய்தாள்.

சிவசங்கரன் சார் படத்தைப் பார்த்துவிட்டு மகிழ்ச்சியோடு தலையாட்டினார். "இப்ப பாரு, எவ்ளோ அழகா இருக்கு" என்று அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டார். ரூபினியிடம் அவருக்கு வன்மம் ஒன்றும் இருக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அவளைப் பிடித்து இழுத்துக் கரைசேர்த்துவிட்டதாகத்தான் அவர் மனதார நம்பினார்.

ஏப்ரலில் தேர்வாளரின் அறிக்கை வெளிநாட்டிலிருந்து வந்தது. அந்த மனிதர் வேலை மெனக்கெட்டு முழுதையும் படித்திருக்கிறார். மற்ற அத்தியாயங்களைப் பாராட்டியிருந்தார். நாலாவதைப் பற்றி எழுதியிருந்ததை ரூபினி இரண்டு தடவை படித்தாள். செவ்வாயின் வடிவம் பற்றிய அடிப்படை அறிவு இருக்கிற யாரும் செய்யாத தவறு, பூமியின் விடையை அப்படியே எடுத்து ஒட்டியதுபோல் இருக்கிறது, இந்த ஆய்வேட்டை ஏற்க முடியாது என்று எழுதியிருந்தார். ஒவ்வொரு வார்த்தையும் நியாயம். அந்த நியாயம் போய் விழ வேண்டிய தலையில்தான் விழவில்லை.

மூன்று பேர் கொண்ட குழு கூடியது. சிவசங்கரன் சார் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார், முகம் வாடியிருந்தது. குழுத் தலைவர் அவரைப் பார்த்து, நீங்கள் எப்படி சார் இதைக் கவனிக்காமல் விட்டீர்கள் என்று கேட்டார்.

"நான் ஆரம்பத்திலேயே சொன்னேன்" என்றார் சார். "சைனைப் பாரு, சைனைப் பாருன்னு எத்தனையோ தடவை சொன்னேன். அந்தப் பொண்ணையே கேளுங்க."

எல்லோரும் ரூபினியைப் பார்த்தார்கள். "சொன்னாராம்மா?" என்றார் தலைவர்.

சொல்லாமல் என்ன? சொன்னார்தான். அதில் ஓர் எழுத்துப் பொய்யில்லை. மீதிக் கதை ஒன்று இருந்தது. அதைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். குழு அவருடைய முகத்தைப் பார்க்கும், அவளுடைய முகத்தைப் பார்க்கும். திருத்தி எழுத அனுமதியே கிடைத்தாலும் அதில் கையெழுத்துப் போடுவதற்கு இந்தப் பொருள் தெரிந்த ஆள் அந்தத் துறையில் வேறு கிடையாது.

"சொன்னார் சார்" என்றாள்.

திருத்தி எழுத ஒரு வருஷம் கொடுத்தார்கள். ஆனேக்கல் கல்லூரி ஜூனில் வேறு ஆளை எடுத்துக்கொண்டது. முதல்வர் நல்லபடியாகவே பேசி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அன்று அப்பாதுரை மெஸ்ஸில் பரிமாறிப் பழகிய கையால் தட்டை அவள் முன்னால் சத்தமில்லாமல் வைத்து, "தின்னும்மா. தப்பு வந்தா திருத்திக்கலாம்" என்றார். அவள் செய்த தப்பு என்றுதான் அவரும் நம்பியிருந்தார். அவள்தான் அப்படிச் சொல்லி வைத்திருந்தாள். தப்பென்று தெரிந்தே கையைக் கட்டிக்கொண்டு குறியை மாற்றிக் கொடுத்தேன் என்று இந்த மனிதரிடம் எந்த வாயால் சொல்வது?

திருத்துவதற்கு என்ன இருக்கிறது, பழைய குறியைத் திரும்பப் போட்டாள். மேடு மேடாயிற்று, பள்ளம் பள்ளமாயிற்று. போன வருஷ மழைக்காலத்தில் காபி ஊறிய அதே படத்தைப் புதுத் தாளில் எடுத்துக்கொண்டு போய் நீட்டினாள். சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"இதுதான் சரி. புடைப்புல மேடுதானே வரணும்? முதல்லயே இப்படிப் போட்டிருந்தா உனக்கு இந்த அலைச்சலே இல்ல. நான் அப்பவே சொன்னேன்."

ரூபினி அவர் கண்ணைப் பார்த்தாள். அதில் ஒரு திருட்டு முழி, ஒரு தடுமாற்றம், ஏதாவது தெரிகிறதா என்று தேடினாள். ஒன்றும் இல்லை. அந்தக் கண் சுத்தமாக இருந்தது. மனிதர் உண்மையிலேயே மறந்துவிட்டார். டபரா கவிழ்ந்தது, கோலி ஓடியது, இருபது வருஷம் கோளை ஓட்டியது எல்லாவற்றையும் துடைத்துப் போட்டுவிட்டு, சரியான பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டிருந்தார். அவர் பொய் சொல்லியிருந்தால்கூட அவளுக்கு அத்தனை பயம் வந்திருக்காது.

"இன்னொண்ணு" என்றார் சார். "நன்றிப் பக்கத்துல ஒரு வரி சேத்துடு. நாலாவது அத்தியாயத்துல குறி தப்பா இருந்ததைச் சுட்டிக்காட்டித் திருத்த வெச்சது கைடுன்னு. எக்ஸாமினருக்கு ஒரு விளக்கம் வேணுமில்லையா? வைவாலயும் அதைச் சொல்லிடு."

அன்று சாயங்காலம் பரத்துக்கு போன் செய்தாள். அவன் வேலைக்குச் சேர்ந்து நன்றாக இருந்தான். கேட்டுவிட்டு, "ஒரு வரிதானே ரூபினி?" என்றான். போன வருஷமும் இதே குரலில்தான் ஒரு மைனஸ் தானே என்றான். அவள் போனை வைத்துவிட்டுப் போய் அந்த வரியைத் தட்டச்சு செய்தாள்.

தொண்ணூற்றொன்பது பிப்ரவரியில் வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்பதால் அப்பாதுரை மெஸ்ஸில் கொடுத்த பழைய கோட்டைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு முதல் ஆளாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் பரத், லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். தில்லியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்ட கேள்விக்கெல்லாம் ரூபினி தடுமாறாமல் பதில் சொன்னாள். செவ்வாயில் எங்கே நிற்கும், எங்கே உருளும் என்று சுவரில் படம் விழ விழ விளக்கினாள். தேர்வாளர் திருப்தியாகச் சிரித்தார். கடைசித் தாளில் அந்த வரி இருந்தது. அதையும் ஆங்கிலத்தில் படித்தாள், குரல் மாறாமல் படித்தாள். தேர்வாளர் சிவசங்கரன் சார் பக்கம் திரும்பி, இப்படி ஒரு வழிகாட்டி அமைவது அதிர்ஷ்டம் என்றார். பிறகு படிவத்தை முன்னால் இழுத்துப் பேனா மூடியைக் கழற்றினார்.

பின்வரிசையில் அப்பாதுரை பரத்தின் தொடையைத் தட்டினார். "இன்னா தம்பி சொன்னா கடைசியா? சார் பேர் வந்துச்சே."

பரத்தின் வாய் சும்மா இருந்திருக்கலாம். "கணக்குல ஒரு தப்பு இருந்துச்சாம். சார்தான் அதைக் கண்டுபிடிச்சுச் சொன்னாராம். அதனாலதான் பட்டம் கிடைக்குதாம்" என்றான்.

அப்பாதுரை எழுந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நடுவழியே நேராக முன்னால் நடந்து வந்தார். மெஸ் நடை, முதுகு நிமிர்ந்த நடை. சிவசங்கரன் சார் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

"சார், எனக்குப் படிப்பு இல்ல. எம் பொண்ணு தப்புப் பண்ணி வேலையும் பூடுச்சு. நீங்க மட்டும் பாத்துச் சொல்லாட்டி அவ கதி இன்னா ஆயிருக்கும்?" என்றார். அப்படியே குனிய ஆரம்பித்தார்.

ரூபினி பாய்ந்து வந்து அவர் தோளைப் பிடித்தாள். "வேணாம்பா. எழுந்திரு. வேணாம்."

"நீ கம்முனு இரு. நன்றின்னு ஒண்ணு இருக்குது."

ஒரு வார்த்தை போதும். அவர் கண்டுபிடிக்கவில்லையப்பா, அவர்தான் போடச் சொன்னார் என்று ஒரே வார்த்தை சொன்னால் அந்த முதுகு அந்த இடத்திலேயே நிமிர்ந்துவிடும். அவளுக்குப் பக்கவாட்டில் தேர்வாளரின் பேனா படிவத்துக்கு மேலே நின்றுகொண்டிருந்தது, இந்தக் காட்சியைப் பார்த்து அவர் எழுதாமல் நிறுத்தியிருந்தார். அடியில் சிவசங்கரன் சாரின் கையெழுத்துக்கும் இடம் காலியாக இருந்தது. ரூபினியின் கை அப்பாவின் தோளிலிருந்து தானாக நழுவியது.

அப்பாதுரை முழங்காலைத் தரையில் ஊன்றி, சாரின் இரண்டு காலையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார் சார். காலை நகர்த்தவில்லை. தேர்வாளர் கையெழுத்துப் போட்டார், பிறகு சார் போட்டார்.

எழுந்திருக்க அப்பாதுரைக்குக் கை கொடுக்க வேண்டியிருந்தது. ரூபினி கொடுத்தாள். அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு, அவள் பிறந்ததிலிருந்து பார்த்திராத நிறைவு.

"இப்பத்தாம்மா எனக்கு மனசு ஆறுச்சு" என்று சொல்லி, சாரின் காலைத் தொட்ட அந்தக் கையைத் துடைக்காமல் அப்படியே அவள் தலைமேல் வைத்தார்.